கீழே அழுத்தினால் திறக்காத கதவு

ஏலக்காரர் வீட்டில் மூன்று வருடமாக ஒரு வக்கீல் குடியிருந்தார். படித்துப் பட்டம் வாங்கிய வக்கீல் இல்லை, செய்தித்தாள் படித்துத் தேறிய வக்கீல். தங்கையின் புருஷன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பெரியவர்கள் சொன்னது மாப்பிள்ளைகளுக்குச் செல்லாது போலிருக்கிறது. வீட்டு மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லிவிட முடியுமா? சொன்னால் தங்கை முகம் வாடும். தங்கை முகம் வாடினால் ஏலக்காரருக்குச் சோறு இறங்காது. ஆகவே காலையில் தேநீர் வருவதற்கு முன்பே சட்டம் வந்துவிடும், அவரும் கேட்டுக்கொள்வார்.

"மச்சான், முன்னெல்லாம் திருடன் கையில கிடைச்சாத்தான் கேஸ் நடக்கும். அவன் பிளைட் ஏறிட்டான்னா நாம வாயைப் பொளந்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான். இப்ப அப்படி இல்லை. கோர்ட்டு வான்னு கூப்பிடும். வரலையா, தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளின்னு அறிவிச்சுரும். தண்டனை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சொத்தை எடுத்து, வித்து, ஏமாந்தவங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்துடலாம்."

"ஏமாந்தவங்கன்னா யாரு? எங்கேயாவது தூரத்துல இருப்பாங்களா?" என்று சமையலறையிலிருந்து ஏலக்காரரின் மனைவி கேட்பாள்.

மாப்பிள்ளை செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

ஏமாந்தவர் அவரேதான். இருந்த சின்ன வீட்டை விற்றுக் கொஞ்சம் பெரிய வீடு வாங்கலாம் என்று நினைத்தார்கள். விற்ற பணம் கையில் இருந்தது, வாங்கும் வீடு இன்னும் அமையவில்லை. சும்மா கிடக்கிற பணத்தை ஒரு வருடம் போட்டு வைத்தால் வட்டியிலேயே சோபா வாங்கிவிடலாம் என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டார். போட்ட இடம் அப்போது ஊரெல்லாம் பேர்பெற்ற நிதி நிறுவனம். அதன் முதலாளி சுவருக்குச் சுவர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். சிரித்தமுகம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒருநாள் காலையில் நிறுவனத்தின் ஷட்டர் திறக்கவில்லை. சிரித்தமுகம் பெண்டாட்டி பிள்ளைகளோடு கம்பி நீட்டிவிட்டிருந்தார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று வாழ்ந்த மனிதர், நெய்க் குடத்தையும் கையோடு கொண்டு போய்விட்டார். தங்கை, மாப்பிள்ளை, இரண்டு பெண் குழந்தைகள், நான்கு பேரும் அண்ணன் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

வந்தாரை வா என்றுதான் ஏலக்காரரின் மனைவி சொன்னாள். ஆனால் ஒரு குளியலறையை ஆறு பேர் பங்குபோடுவது என்பது பொறுமையைச் சோதிக்கிற காரியம். பொல்லாதவள் இல்லை அவள். அலுத்துப்போனவள், அவ்வளவுதான்.

சிரித்தமுகத்தின் பங்களாவை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அதை விற்றுக் கொடுக்கும் பொறுப்பு அமலாக்கத் துறை வழியாக நம் ஏலக்காரரிடமே வந்தது. என் தங்கையும் பணம் போட்டவள்தான் என்று அவர் முதல்நாளே அதிகாரியிடம் சொல்லிவிட்டார். அதிகாரி ஒரு பெண்மணி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இந்த ஊர்ல பணம் போட்ட தங்கச்சி இல்லாத ஏலக்காரரை நான் எங்கே போய்த் தேடறது?" என்று கேட்டு, அதையும் கோப்பில் எழுதிக்கொண்டார்.

முதல் ஏலத்துக்கு ஈ காக்கைகூட வரவில்லை. இரண்டாவது ஏலத்துக்கு வேடிக்கை பார்க்க வந்தார்கள், விலை கேட்க வரவில்லை. இத்தனை பேர் வயிறெரிந்த வீட்டில் குடிபோனால் விளங்குமா என்று பேச்சு. ஒவ்வொரு தடவையும் ஆரம்ப விலை இறங்கியது. மூன்றாவது ஏலத்துக்கு வந்தபோது பங்களாவின் விலை பாதிக்கு வந்திருந்தது. இந்த முறை ஒருவர் மனு போட்டு முன்பணமும் கட்டியிருந்தார். வெளியூர்த் துணி வியாபாரியாம்.

அந்தச் செய்தி வந்த அன்று தங்கை இரண்டு அட்டைப்பெட்டி வாங்கிவந்தாள். பாதி விலைக்குப் போனாலும் அவள் பங்குக்கு ஒரு தொகை வரும். வீடு வாங்க முடியாது. ஆனால் இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிப் பகுதி காலியாக இருந்தது, அதற்கு முன்பணம் கொடுக்கலாம். அந்த வீட்டுக்காரம்மாவும் மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் விடமாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

"என் பாத்திரத்தை என் அலமாரியில அடுக்கி மூணு வருஷம் ஆச்சு அண்ணா," என்றாள் தங்கை. ஒரு குக்கரை எடுத்துத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். மனைவி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு பழைய துண்டுகளைக் கொண்டுவந்து சுற்றக் கொடுத்தாள்.

ஏலத்துக்கு முந்தின வாரம் வீடு பார்க்கும் நாள். துணி வியாபாரி வந்தார். அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. வீடு வாங்க வருகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து பார்ப்பார்கள், கூரையை அண்ணாந்து பார்த்து ஒழுகுமா என்று கேட்பார்கள். இவர் எதையும் கேட்கவில்லை. போனில் பேசிக்கொண்டே நடந்தார். நிலவறைக்கு இறங்கும் படிக்கட்டு இருட்டாக இருந்தது. "சுவிட்சு..." என்று ஏலக்காரர் ஆரம்பிப்பதற்குள் விளக்கு எரிந்துவிட்டது. மனிதர் குனியக்கூட இல்லை. கைப்பிடிக் கட்டைக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் இருக்கிற சுவிட்சு அது. ஏலக்காரர் அதைத் தேடி இரண்டு நாள் சுவரைத் தடவி, கடைசியில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கண்டுபிடித்தார். இவருக்கு எப்படிக் கிடைத்தது?

ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. கை தற்செயலாகப் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டார்.

பிடிபட்டது ஏலத்தன்று காலையில், தன் வீட்டுச் சமையலறையில். அந்த வீட்டிலும் ஒரு கோணல் உண்டு. சமையலறை விளக்கின் சுவிட்சு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. ஃப்ரிட்ஜ் பெரிதாக வாங்கியதில் வந்த வினை. வெளியாள் யார் வந்தாலும் வாசல் பக்கச் சுவரைத் துழாவிவிட்டு, "லைட் எங்கே இருக்கு?" என்று கேட்பார்கள். அன்று காலை மாப்பிள்ளை செய்தித்தாளைப் பார்த்தபடியே உள்ளே வந்தார். "மச்சான், இன்னொண்ணு கேளுங்க. ஓடிப்போனவனோட சொந்தக்காரங்க ஏலம் கேக்கக்கூடாது. எந்த உறவும் இல்லைன்னு உறுதிமொழி கொடுக்கணும். பொய் சொன்னா ஏலம் ரத்து, முன்பணம் பறிமுதல்," என்று சொல்லிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், கையை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் விட்டு விளக்கைப் போட்டார்.

ஏலக்காரர் தேநீர் தம்ளரைக் கீழே வைத்தார்.

உண்டு உறங்கிய வீட்டில்தான் கை அப்படிப் போகும். விலைக்குக் கேட்க வந்தவன் கைக்கு அது வராது. மூன்று வருடம் ஓசியில் இருந்தாலும் சரி, மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி, வீட்டோடு பழகினால்தான் வரும்.

"என்ன மச்சான், பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"ஒண்ணுமில்லை மாப்பிள்ளை. நீங்க இப்ப ரொம்ப உபயோகமா ஒரு காரியம் பண்ணீங்க."

மாப்பிள்ளை வாழ்க்கையில் முதல்முறை கேட்ட பாராட்டு அது. என்ன காரியம் என்று தெரியாமலே சந்தோஷப்பட்டார்.

ஏலம் பங்களாவின் கூடத்திலேயே நடந்தது. பணம் போட்டவர்கள் காலையிலிருந்தே வந்து உட்கார்ந்திருந்தார்கள். தங்கையும் மாப்பிள்ளையும் மூன்றாவது வரிசையில். ஏலக்காரர் அதிகாரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சுவிட்சுக் கதையைச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா கோர்ட்ல போய் சுவிட்சு போட்டார்னு சொல்ல முடியுமா? பேப்பர்ல எல்லாம் சரியா இருக்கு, உறவு இல்லைன்னு உறுதிமொழியும் கொடுத்திருக்கார். இவரும் போனா அடுத்த ஏலத்துக்கு மறுபடி அனுமதி வாங்கணும், ஒரு வருஷம் ஓடிடும். வெளியில உக்காந்திருக்கிற ஜனங்களுக்கு யார் பதில் சொல்றது?" கொஞ்சம் நிறுத்தி, "கண்ணுக்குத் தெரியற மாதிரி வேற ஏதாவது கிடைச்சா சொல்லுங்க, நான் நிறுத்தறேன்," என்றார்.

நியாயமான பேச்சுதான். ஏலக்காரர் கூடத்துக்குத் திரும்பினார். திரும்பியவர் கண்ணில் ஒரு கூத்து பட்டது. கூடத்தின் மூலையில் அலுவலக அறை. அதற்குள்ளேதான் கழிப்பறை. அந்த அறைக்கு இத்தனை நாளாகச் சீல் வைத்திருந்தது, இன்று காலைதான் உடைத்தார்கள். அதன் கதவுக்கு வெளிநாட்டுப் பூட்டு. கைப்பிடியைக் கீழே அழுத்தினால் திறக்காது. மேலே தூக்க வேண்டும், தூக்கி ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் பிறகு தள்ள வேண்டும். இது தெரியாமல் ஜனங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அதோடு மல்லுக்கட்டினார்கள். அழுத்தினார்கள், குலுக்கினார்கள். ஒரு பருத்த மனிதர் தோளால் மோதிப் பார்த்தார். தங்கையும் போய் நின்று, முடியாமல், அவசரத்தில் காலை மாற்றி மாற்றி வைத்தாள். கடைசியில், காலையில் பூட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அலுவலக உதவியாளரை அங்கேயே நிறுத்தி, வருகிறவர்களுக்கெல்லாம் கதவு திறந்துவிடச் சொன்னார்கள்.

அதிகாரிக்கே அந்தக் கதவு திறக்க வரவில்லை. ஏலக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

கறுப்புக் கண்ணாடிக்காரர் ஏலம் தொடங்கும் நேரத்துக்குத்தான் வந்தார். முன்வரிசையில் காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்தார். ஏலக்காரர் அலுவலக உதவியாளரிடம், "தம்பி, எல்லாருக்கும் தண்ணி கொண்டுவா," என்று சொல்லி அவனை வெளியே அனுப்பினார்.

நிபந்தனைகளை வாசித்தார். ஆரம்ப விலையைச் சொன்னார். கறுப்புக் கண்ணாடி அதற்கு மேல் ஒரு சின்னத் தொகையைக் கூட்டிக் கேட்டது. வேறு யார் கேட்கப்போகிறார்கள்? ஏலக்காரர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஒரு தரம்," என்றார்.

தங்கை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். கைக்கு எட்டியது இன்றைக்காவது வாய்க்கு எட்டுமா என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

"இரண்டு தரம்."

இங்கே அவர் நின்றுவிட்டார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவில் அவர் நின்றதே கிடையாது. இன்னொரு வார்த்தை சொன்னால் போதும், தங்கைக்கு மாடிப் பகுதி கிடைக்கும், மனைவிக்கு அவள் குளியலறை கிடைக்கும், இவருக்கு அமைதியாக ஒரு தேநீர் கிடைக்கும். ஊர்ப்பணத்தைக் கொண்டு போனவனுக்கு அவன் வீடு பாதி விலைக்குத் திரும்பக் கிடைக்கும். அதுவும் ஊர்ப்பணத்திலேயே.

"சொல்லு அண்ணா," என்றாள் தங்கை. சத்தமாக இல்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "மூணாவது தரம் சொல்லிடு."

"ஆமாங்க, முடிங்க," என்று பின்னாலிருந்து நாலைந்து குரல்.

ஏலக்காரர் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். "ஐயா, ஒரு நிமிஷம். உறுதிமொழிப் பத்திரத்துல எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்து வேணும், கடைசிப் பக்கம் விட்டுப்போயிருக்கு. அந்த ரூம்ல மேஜை மேல வச்சிருக்கேன். போட்டுட்டு வந்துடுங்க, மூணாவது தரம் சொல்லிடறேன்."

"இதை முன்னாடியே பாக்க மாட்டீங்களா?" என்று சலித்துக்கொண்டு அவர் எழுந்தார். போன் அடித்தது. வலது கையால் போனைக் காதில் வைத்தார். நடந்து போய், இடது கையால் கைப்பிடியை மேலே தூக்கி, ஒரு இழுப்பு இழுத்து, தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

காலையில் தோளால் மோதிய பருத்த மனிதர் பாதி எழுந்த நிலையில் நின்றுவிட்டார். அந்தக் கதவோடு மல்லுக்கட்டாத ஆள் அங்கே ஒருவரும் இல்லை. யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் வெளியே வந்தபோது முழுக் கூடமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் எழுந்து நின்றது தங்கைதான்.

"ஏங்க, அந்தக் கதவை எப்படித் திறந்தீங்க?"

"எப்படின்னா? கையாலதான்."

"எங்களுக்கும் கை இருக்கு. காலையிலேர்ந்து இத்தனை பேர் அதுகிட்ட நின்னோம். ஒருத்தருக்கும் திறக்கலை."

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். "அன்னிக்கு வீடு பாக்க வந்தப்போ திறந்து பாத்தேன்," என்றார்.

"அன்னிக்கு அந்தக் கதவுக்குச் சீல் வச்சிருந்துது," என்றார் அதிகாரி. "இன்னிக்குக் காலையிலதான் உடைச்சோம்."

தங்கை அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, மூணாவது தரம் சொல்லாத."

அவர் சொல்லவில்லை. கையிலிருந்த மரச்சுத்தியலை மேஜையில் படுக்க வைத்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் அலுவலக வேலை. அதிகாரி வாசலை மூடச் சொன்னார், அடையாள அட்டைகளைக் கேட்டார், யார் யாருக்கோ போன் போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து எத்தனை நேரம் தாக்குப் பிடிக்க முடியும்? மதியம் தாண்டுவதற்குள் வெளியே வந்துவிட்டது. சிரித்தமுகத்தின் பெண்டாட்டிக்கு ஒரு தங்கை உண்டு. அந்தத் தங்கையின் புருஷன்தான் இவர். இந்தப் பங்களாவில், அந்த அலுவலக அறையிலேயே இரண்டு வருடம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்.

"சகலை," என்றார் மாப்பிள்ளை, ஏதோ தானே பிடித்துக் கொடுத்ததுபோல. "நான் காலையிலேயே சொன்னேனே மச்சான்."

ஏலக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் யோசித்துப் பார்த்தால் மனிதர் சொன்னது பொய்யில்லை, பிடித்துக் கொடுத்ததும் அவர் கைதான். அதை அவரிடம் சொல்லிவிட்டால் அப்புறம் இன்னொரு மூன்று வருடம் அந்தப் பேச்சையே கேட்க வேண்டியிருக்கும் என்று வாயை மூடிக்கொண்டார்.

கிளம்பும்போது அதிகாரி வாசல்வரை வந்தார். "முன்பணம் பறிமுதல், அது பணம் போட்டவங்க கணக்குக்குப் போகும். அவருக்குப் பணம் எந்த நாட்டுலேர்ந்து வந்துதுன்னு நூல் பிடிச்சுப் போகலாம், இதுவரைக்கும் அந்த நூல் எங்க கையில இல்லை. ஆனா மறுபடி ஏலம் வர ஒரு வருஷமாவது ஆகும்மா," என்று தங்கையிடம் சொன்னார். தங்கை தலையை மட்டும் ஆட்டினாள்.

பஸ்ஸில் அண்ணனும் தங்கையும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவரிடமிருந்து சட்டம் எதுவும் வரவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா அண்ணா?" என்று தங்கை கேட்டாள்.

"சந்தேகம்தான். உன் முகத்தைப் பாத்து, மூணாவது தரம் சொல்லிடலாம்னுகூட நினைச்சேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ சொல்லியிருந்தா நான் அந்தப் பணத்தை வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன். அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மாடி வீட்டு ஜன்னல்லேர்ந்து பூவரச மரம் தெரியும். அங்கே ஒரு நாற்காலி போடணும்னு வச்சிருந்தேன்."

ஏலக்காரர் அவள் கையிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மனைவி வாசலில் நின்றாள். மூன்று முகங்களையும் பார்த்தாள். முன்னறையில் இரண்டு அட்டைப்பெட்டியும் வாய் கட்டித் தயாராக இருந்தன. தங்கை அவற்றைத் தாண்டிக்கொண்டு இருட்டான சமையலறைக்குள் போனாள். கை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போயிற்று, விளக்கு எரிந்தது. எரிந்த வெளிச்சத்தில் அவள் அப்படியே நின்றாள்.

"அண்ணி, இன்னும் ஒரு வருஷம் ஆகும் போலிருக்கு," என்றாள் திரும்பாமல்.

மனைவி புருஷனைப் பார்த்தாள். ஏலக்காரர் தரையைப் பார்த்தார். அவள் முன்னறைக்குப் போய் ஒரு பெட்டியின் கயிற்றை அவிழ்த்தாள். குக்கரை வெளியே எடுத்து, சுற்றியிருந்த துண்டை உதறி மடித்தாள். சமையலறைக்கு வந்து, தன் பாத்திரங்களை ஒரு பக்கமாக நகர்த்தி, அலமாரியில் நடுத்தட்டைக் காலி பண்ணினாள்.

"இது உன் தட்டு," என்றாள். "உன் பாத்திரமெல்லாம் இங்கேயே அடுக்கு. பெட்டியை வழியில வைக்காத, ராத்திரி காலை இடிக்கும்."